மணலில் வளை தோண்டும் கடல் மீன்கள்: வீட்டுத் தொட்டி வளர்ப்பு

பவளப்பாறைக் கடல்களில் வாழும் மீன்களில் ஒரு பகுதி பாறை இடுக்குகளை நம்பாமல் கடலடி மணலையே உறைவிடமாகக் கொள்கிறது. இவற்றுள் சில மணலில் நிலையான வளை தோண்டி அதிலேயே காலம் கழிக்கின்றன. சில இரவுத் தூக்கத்துக்கு மட்டும் மணலுக்குள் நுழைகின்றன. வேறு சில மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடுகின்றன. கடல்நீர்த் தொட்டியில் இவற்றை வளர்க்க, தொட்டியின் அடிப்பகுதியிலிருந்தே திட்டமிட வேண்டும். மணலின் ஆழம், பருமன், அதன் மேல் நிற்கும் பாறையின் உறுதி ஆகியவை முடிவான பிறகே ஒளியும் நீரோட்டமும் பவளமும் கணக்கில் வருகின்றன.

கடற்கரை இல்லாத கள்ளக்குறிச்சி போன்ற உள்மாவட்டங்களில் இவ்வளர்ப்புக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த இம்மாவட்டத்தின் தலைநகரிலிருந்து கடலூர்க் கடற்கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சாலைத் தொலைவில் உள்ளது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தா ஆறுகளின் நீர் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அந்தக் கழிமுகச் சேற்றில் சேற்றுத்தாவி மீன்கள் வளை தோண்டி வாழ்கின்றன. ஆற்று மணலில் புதையும் அயிரையும் ஆரலும் மலையடிவாரத்து மக்களுக்குப் பழக்கமானவை. இவை நன்னீர் அல்லது உவர்நீர் உயிர்கள். பவளக்கடல் மீன்களோடு ஒரே தொட்டியில் இவற்றை வளர்க்க இயலாது.

வகைகள்

வீட்டுத் தொட்டிக்கு வரும் மண்ணுறை மீன்களைப் பழக்கத்தின் அடிப்படையில் ஐந்து பிரிவாகக் கொள்ளலாம்.

முதற்பிரிவு காவல் உளுவைகள். அம்பிளியெலியோட்ரிஸ், கிரிப்டோசென்ட்ரஸ், ஸ்டோனோகோபியாப்ஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த இவை பிஸ்டல் இறாலுடன் வளையைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலானவை 10 செ.மீ. அளவைத் தாண்டுவதில்லை என்பதால் 100 லிட்டர் தொட்டியிலும் வாழும். மஞ்சள் காவல் உளுவை எனப்படும் கிரிப்டோசென்ட்ரஸ் சின்க்டஸ் உறுதியான உடல்வாகு கொண்டது. தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு ஏற்றது.

இரண்டாவது பிரிவு ஜாஃபிஷ் எனப்படும் பெருந்தாடை மீன்கள். ஒப்பிஸ்டோக்னாதஸ் பேரினத்தைச் சேர்ந்த இவை வாயால் மணலை அள்ளித் துப்பிச் செங்குத்தான வளை அமைக்கின்றன. வளையின் உட்சுவரைக் கூழாங்கல், கிளிஞ்சல், பவளத் துண்டுகளால் கட்டி இறுக்குகின்றன. புளோரிடா, கரீபியக் கடல்களைச் சேர்ந்த மஞ்சள்தலைப் பெருந்தாடை மீன் சந்தையில் புகழ்பெற்றது. வளைக்கு மேலே வால் கீழாக நின்று மிதக்கும் இது, நீரில் வரும் மிதவை உயிர்களைப் பொறுக்கி உண்ணும். முட்டைகளைப் பொரியும்வரை ஆண் மீன் வாயில் சுமக்கிறது.

மூன்றாவது பிரிவு மணல் சலிக்கும் உளுவைகள். வலென்சியென்னியா பேரின மீன்கள் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே வெளியேற்றும்போது நுண்ணிய ஓட்டுடலிகளும் புழுக்களும் செவுள் முட்களில் தங்கிவிடுகின்றன. பொதுவாக இணையாக வாழும் இவை கல்லுக்கு அடியில் வளை அமைத்து இரவில் உள்ளே சென்றுவிடும்.

நான்காவது பிரிவு மணலில் உறங்கும் ராஸ் மீன்கள். ஹாலிகோரெஸ், மாக்ரோஃபாரிங்கோடான், காரிஸ் பேரினங்கள் இதில் அடங்கும். விளக்கு அணையும் வேளையில் மணலுக்குள் பாய்ந்து, மறுநாள் வெளிச்சம் வந்த பிறகே வெளியேறுகின்றன. அச்சுறுத்தல் நேரும்போதும் இவற்றின் புகலிடம் மணலே.

ஐந்தாவது பிரிவு பெருந்தொட்டி மீன்கள். தோட்ட விலாங்குகள் கூட்டமாக வாழ்பவை. உடலின் கீழ்ப்பாதியை மணலில் புதைத்து, மேற்பாதியை நீரில் அசையவிட்டு மிதவை உயிர்களை உண்பவை. புள்ளித் தோட்ட விலாங்கு 40 செ.மீ. வரை வளரும் என்பதால் அதற்கு மிக ஆழமான மணல் வேண்டும். 'எஞ்சினியர் கோபி' என விற்கப்படும் ஃபோலிடிக்திஸ் லூகோடீனியா உண்மையில் கோபி எனப்படும் உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இளம்பருவத்தில் வரிக் கடற்கெளுத்திக் குஞ்சைப் போல் தோன்றும் இது, 30 செ.மீ.க்கு மேல் வளர்ந்து பாறைகளுக்கு அடியில் நீண்ட சுரங்கங்களைத் தோண்டும். சிறு தொட்டிகளில் பாறை சரிவதற்கு இம்மீன் காரணமாவதுண்டு.

உளுவையும் பிஸ்டல் இறாலும்

காவல் உளுவைக்கும் அல்ஃபியஸ் பேரின இறாலுக்கும் இடையிலான கூட்டு வாழ்வு கடல் உயிரியலில் நன்கு ஆராயப்பட்டது. செங்கடலில் இதைக் கண்ட ஆய்வாளர் லூதர் 1958இல் விவரித்தார். இறால் ஓயாமல் மணலை வெளியே தள்ளி வளையைச் செப்பனிடும். அதன் பார்வை மங்கலானது. வாயிலில் நிற்கும் உளுவையின் உடலைத் தன் உணர்கொம்பால் தொட்டுக்கொண்டே அது வெளியே வருகிறது. ஆபத்தைக் கண்டால் உளுவை வாலை விரைந்து அசைக்கும். இறால் உள்ளே சென்றுவிடும். ஆபத்து மேலும் நெருங்கினால் மீனும் தலைகுப்புற வளைக்குள் பாயும்.

தொட்டியில் இக்கூட்டணி அமைவதற்கு இனப்பொருத்தம் முக்கியம். அல்ஃபியஸ் ராண்டாலி என்னும் செவ்வரி இறால் ஸ்டோனோகோபியாப்ஸ் இனங்களுடன் எளிதில் சேர்கிறது. புலி இறாலாகிய அல்ஃபியஸ் பெல்லுலஸ் பலவகைக் காவல் உளுவைகளை ஏற்கிறது. உளுவை, இறால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூலையில் விட்டால் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வாய்ப்பு அதிகம். உளுவைகளுடன் சேராத பிஸ்டல் இறால் இனங்களும் உண்டு. அவை சிறு மீன்களைத் தாக்கக்கூடும்.

இவ்வகைத் தொட்டியிலிருந்து அவ்வப்போது கண்ணாடி விரிசல் விடுவதைப் போன்ற 'டக்' ஒலி எழும். இறால் தன் பெரிய கொடுக்கை அதிவேகமாக மூடும்போது உருவாகும் நீர்க்குமிழி உடைவதே இதற்குக் காரணம் என 2000இல் வெளியான ஆய்வு நிறுவியது. தொட்டிக்கு இதனால் தீங்கில்லை.

மணல்

மணலின் ஆழம் மீனைப் பொறுத்தது. ராஸ் மீன்களுக்கு 5 செ.மீ. போதும். காவல் உளுவைகளுக்கு 5 முதல் 8 செ.மீ. வரையும், பெருந்தாடை மீன்களுக்கு 10 முதல் 15 செ.மீ. வரையும் தேவை. தோட்ட விலாங்குக்கு 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொட்டி முழுவதும் ஒரே ஆழம் வேண்டியதில்லை. ஒரு மூலையை மட்டும் உயர்த்தி, முன்புறம் குறுகிய கண்ணாடித் தடுப்பு வைத்துப் பெருந்தாடை மீனுக்கு இடம் ஒதுக்குவதுண்டு.

பருமனிலும் வேறுபாடு உண்டு. ராஸ் மீன்களுக்கும் சலிக்கும் உளுவைகளுக்கும் 0.5 முதல் 2 மி.மீ. வரையிலான மென்மணல் ஏற்றது. கூரிய பருமணலில் பாய்ந்தால் ராஸ் மீனின் வாயும் வயிற்றுப் பகுதியும் கிழிந்து, அங்கே பாக்டீரியாத் தொற்று ஏற்படும். வளை கட்டும் இனங்களுக்கோ மென்மணல் மட்டும் பயன்படாது. சுவர் நிற்காமல் சரிந்துவிடும். மென்மணலுடன் 5 முதல் 20 மி.மீ. வரையிலான கிளிஞ்சல் துண்டுகளும் சிறு கற்களும் கலந்திருந்தால்தான் இறாலும் பெருந்தாடை மீனும் கூரையும் வாயிலும் அமைக்க முடியும்.

கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட் மணல் இவ்வளர்ப்புக்குச் சிறந்தது. அதன் துகள்கள் உருண்டையானவை. கோமுகி, மணிமுத்தா ஆற்றுப்படுகைகளின் மணலில் குவார்ட்ஸே மிகுதி. அது கடல்நீரின் காரத்தன்மைக்குத் துணை செய்யாது. களிமண்ணும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் விளிம்பு கூரானது. புதைந்து வாழும் எந்த மீனுக்கும் அதைப் பயன்படுத்தலாகாது.

ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கு உருவாகும். அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுவது நன்மை. அழுகும் உணவும் கழிவும் அங்கே தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி, மணல் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். தோண்டும் மீன்கள் மேலடுக்கைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் அவை வாழும் பகுதியில் இது அரிது. மீன் தொடாத மூலைகளில் நசாரியஸ் நத்தைகள் அப்பணியைச் செய்யும். பல ஆண்டு கிடந்த ஆழ்மணலை ஒரே நாளில் கிளறுவது தொட்டி முழுவதற்கும் ஆபத்து.

மணலுக்கு அடியில் துளைத்தகடு வைத்து நீரை இழுக்கும் பழைய வடிகட்டி முறை இந்த மீன்களுக்குப் பொருந்தாது. வளை தகட்டை எட்டியதும் நீரோட்டம் அந்தத் துளை வழியே மட்டும் செல்ல, மற்ற மணல் செயலிழக்கும்.

பாறையும் எடையும்

மணலைக் கொட்டி அதன் மேல் பாறை அடுக்குவது வளை தோண்டும் மீன் தொட்டியில் நிகழும் மிகப் பெரிய தவறு. மீன் அடியில் தோண்டியதும் பாறை சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியும் உடையலாம். பாறையை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் பிளாஸ்டிக் கட்ட வலையின் மேல் நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் இட வேண்டும். உயரமான அடுக்குகளைப் பி.வி.சி. குழாய்க் கால்களில் தாங்கவிடலாம். கற்களை எபாக்சி பசையாலோ சிமெண்டாலோ ஒன்றோடொன்று ஒட்டலாம். தட்டையான கல் ஒன்றின் விளிம்பு மணலுக்குள் சற்றே இறங்கியிருந்தால் உளுவையும் இறாலும் அதையே வளையின் கூரையாகக் கொள்ளும்.

எடையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 10 செ.மீ. ஆழத்துக்கு மணல் இட்டால் அதன் கனஅளவு 54 லிட்டர். எடை ஏறத்தாழ 80 கிலோ. 50 செ.மீ. உயரத் தொட்டியில் நீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர மொத்தம் 350 கிலோவைத் தாண்டும். ஓட்டு வீட்டின் மண்தரையோ மேல்மாடியின் நடுப்பகுதியோ இச்சுமைக்கு ஏற்றதன்று. சுவரோரம், விட்டத்தின் மேல் அமைந்த இடமே தகும்.

கடல்நீர்

கடலூர்க் கரையிலிருந்து நீர் கொண்டுவருவது உள்மாவட்டத்தில் நடைமுறைக்கு ஒவ்வாது. வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் கெடிலமும் கலப்பதால் கரையோர நீர் கலங்கி உப்பு குறைந்திருக்கும். தொழிற்சாலைக் கழிவின் அபாயமும் உண்டு. எனவே செயற்கைக் கடலுப்பைத் தூய நீரில் கரைப்பதே நம்பகமான முறை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம் உப்பு தேவை. 200 லிட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் ஆகும். சமையல் உப்பு இதற்கு மாற்றன்று. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகியவை அதில் இல்லை.

கல்வராயன் மலையும் அடிவாரமும் சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறைகளால் ஆனவை. பாறைப் பிளவுகளில் தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. வேளாண் பகுதிகளில் நைட்ரேட்டும் கலந்திருக்கும். இந்நீரை அப்படியே பயன்படுத்தினால் பாசி பெருகும். ஆர்.ஓ. கருவியில் வடித்து, அயனிநீக்கப் பிசின் வழியாகவும் செலுத்தி, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானி பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். குடிநீருக்கான வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் சுவைக்காகக் கனிமங்கள் மீண்டும் சேர்க்கப்படுவதால் அவை நேரடியாக உதவா. பருவமழையில் தூய்மையாகச் சேகரித்த மழைநீரைப் பிசின் வழியே வடித்துப் பயன்படுத்தலாம்.

நீரின் இலக்கு அளவுகள் இவை: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026; பி.எச். 8.1 முதல் 8.4, காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.எச்.; கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி.; மக்னீசியம் 1250 முதல் 1350 மி.கி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கலாகாது. புதிய தொட்டியில் இவ்விரண்டையும் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உப்பு ஆவியாவதில்லை; நீர் மட்டுமே ஆவியாகிறது. ஆகவே அன்றாட இழப்பை உப்பில்லாத தூய நீரால் ஈடுசெய்ய வேண்டும்.

வெப்பமும் மின்சாரமும்

பவளக்கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மே மாதப் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 32 டிகிரியில் இது 6 மி.கி. ஆகக் குறைகிறது. மீனின் ஆக்சிஜன் தேவையோ வெப்பத்துடன் உயர்கிறது. வளைக்குள் நீரோட்டம் குறைவாதலால் மண்ணுறை மீன்கள் இந்நெருக்கடியை முதலில் உணர்கின்றன. பகலில் வளையை விட்டு நீர்மட்டத்துக்கு அருகே மூச்சிரைக்க நிற்பது அதன் அறிகுறி.

நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் 2 முதல் 3 டிகிரி குறையும். கோடையில் அது போதாத இடங்களில் சில்லர் எனப்படும் குளிர்விப்பான் வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற உயரப் பகுதிகளில் நிலைமை நேர்மாறு. அங்கே மார்கழி, தை இரவுகளில் தெர்மோஸ்டாட் பொருத்திய ஹீட்டர் தேவைப்படும்.

மின்தடை நீடித்தால் நீரோட்டம் நின்று, மணலில் வாழும் பாக்டீரியாக்களே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆழ்மணல் தொட்டியில் இது விரைவாக நிகழும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குமிழிப் பம்போ, இன்வெர்ட்டரில் இணைத்த ஒரு சுழற்சிப் பம்போ கட்டாயம். விளக்கும் கழிவை நுரையாக நீக்கும் ஸ்கிம்மரும் நின்றாலும் நீர் அசைந்துகொண்டிருக்க வேண்டும்.

மீனை விடுதல், மூடி, உணவு

கொண்டுவந்த மீனை, அது இருந்த நீரில் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மெல்லப் பழக்கி, விளக்கைக் குறைத்த பிறகு விட வேண்டும். ராஸ் மீன் மணலில் புதைந்து பல நாள் தலைகாட்டாமல் இருப்பது இயல்பு. இறந்ததோ எனத் தோண்டிப் பார்ப்பது அதற்கு மேலும் அதிர்ச்சி தரும். பெருந்தாடை மீனுக்கு முதல் இரவே ஆபத்தானது. வளை அமையாத நிலையில் மிரண்டு தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும். மணலில் ஒரு சிறு பி.வி.சி. குழாய்த் துண்டைச் சாய்வாகப் புதைத்து வைத்தால் உடனடிப் புகலிடம் கிடைக்கும். உளுவைகளும் ராஸ்களும் துள்ளக்கூடியவை என்பதால் தொட்டியின் வாயை முழுவதும் 6 மி.மீ. கண் கொண்ட வலையால் மூட வேண்டும். குழாய் நுழையும் இடைவெளியையும் விடலாகாது.

காவல் உளுவையும் பெருந்தாடை மீனும் வளையை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. விரைந்து நீந்தும் மீன்கள் உணவைத் தீர்க்கும் தொட்டியில் இவை பட்டினி கிடக்கும். உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா போன்ற சிறு ஓட்டுடலி உணவை நீண்ட குழாய் வழியே வளை வாயிலுக்கு அருகில் ஊட்டுவது வழக்கம். மணல் சலிக்கும் உளுவையின் நிலை இன்னும் கடினம். ஓராண்டுகூட ஆகாத தொட்டியின் மணலில் இரையாகும் சிற்றுயிர்கள் போதா. வயிறு ஒட்டி முதுகு மெலிந்தால் நாளுக்கு மூன்று நான்கு முறை உணவிட வேண்டும். 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இவற்றைத் தவிர்ப்பதே முறை.

நோயும் தனிமைப்படுத்தலும்

கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அதன் கூட்டுப்பருவம் மணலிலும் பாறையிலும் கழிவதால் மண்ணுறை மீன்கள் தாக்குதலுக்கு நெருக்கமாகவே வாழ்கின்றன. செப்பு மருந்து இதைக் கட்டுப்படுத்தும். ஆனால் இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லும். ஆகவே சிகிச்சை எப்போதும் தனித்தொட்டியில் நடைபெற வேண்டும். கார்பனேட் மணல் செப்பை உறிஞ்சும் என்பதால் தனித்தொட்டியில் மணல் பரப்புவதில்லை. ராஸ் மீனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சிலிக்கா மென்மணல் வைக்கலாம். உளுவைக்கும் பெருந்தாடை மீனுக்கும் குழாய்த் துண்டுகள் போதும். புதிய மீனை நான்கு வாரமேனும் தனிமையில் வைத்துப் பார்த்த பின்பே முதன்மைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

பவளங்களுடன் வாழ்வு

மண்ணுறை மீன்கள் பெரும்பாலும் பவளத்தைத் தின்பதில்லை. அவை விளைவிக்கும் தீங்கு மணல் வழியாக நேர்கிறது. தோண்டியெடுத்த மணலை வளைக்கு அருகில் குவிப்பதால் தாழ்வாக வைத்த பவளம் மூடப்பட்டு அழுகும். வலென்சியென்னியா உளுவை நீந்திக்கொண்டே மணலைப் பொழியும் என்பதால் மேல்தட்டுப் பவளத்திலும் மணல் படியும். தரையில் வைக்கும் உயிர்களைத் தனிக் கற்களில் ஒட்டி உயர்த்துவதும், மணல்வெளியின் ஒரு பகுதியை மீனுக்கே ஒதுக்குவதும் இதற்குத் தீர்வு. ஒரே இனத்துக் காவல் உளுவைகள் இணையாக இல்லாவிட்டால் ஒன்றையொன்று துன்புறுத்தும். சிங்கமீன், களவா போன்ற இரைகொல்லிகளுடன் இவற்றைச் சேர்க்கக் கூடாது.

கிடைக்கும் வழியும் சட்டமும்

தமிழ்நாட்டின் வண்ணமீன் வணிகத்துக்கு மையம் சென்னைக் கொளத்தூர். அங்கு நன்னீர் மீன்களே மிகுதி. மஞ்சள் காவல் உளுவை, மஞ்சள்தலைப் பெருந்தாடை மீன் ஆகியவற்றை வெளிநாட்டுப் பொரிப்பகங்கள் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்துள்ளன. இந்தியாவில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் கடல் வண்ணமீன் இனப்பெருக்கத்தில் பணியாற்றியுள்ளன. அவற்றின் வெற்றி முதன்மையாகக் கோமாளி மீன்களில் அமைந்தது. கடலில் பிடித்த மீனைவிடத் தொட்டியில் பிறந்தது தரும் உணவை எளிதில் ஏற்கும்; பயணத்தையும் தாங்கும்.

மீனைவிடப் பாறையும் பவளமுமே சட்டச் சிக்கலுக்கு உரியவை. பாறை உருவாக்கும் கற்பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளையும் உள்ளடக்கியது. அங்கிருந்து பவளக்கல்லையோ பவள மணலையோ எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். எனவே இந்திய வீட்டுத் தொட்டிகளுக்குச் சுடுமண் பாறையும் சிமெண்டில் வார்த்த துளைப்பாறையும் உகந்தவை. சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்வதை 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கட்டாயமாக்கியது. கற்பவளங்கள் அப்பட்டியலில் அடங்கும். காவல் உளுவைகளும் பெருந்தாடை மீன்களும் மணலில் உறங்கும் சிறு ராஸ்களும் அதில் இல்லை.